செக் லைட் எரியுதா? எதையும் மாத்துறதுக்கு முன்னாடி வோல்டேஜைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

செயின், டயர், ஆயில்னு பேசினப்போ வந்த கேள்வி ஒரு பக்கம், "ப்ரோ, மீட்டர்ல ஏதோ மஞ்சள் லைட் எரியுது, வண்டி ஓட்டலாமா?"ங்கிற கேள்வி ஒரு பக்கம். ரெண்டாவதுதான் எப்பவும் அதிகம். அதனால இன்னைக்கு முழுக்க எலக்ட்ரிக்கல். இன்ஜினைப் பிரிக்கப் பயப்படாத மெக்கானிக் அண்ணன்கள் கூட ஒயரிங்னா கொஞ்சம் தள்ளி நிப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத விஷயம் இல்லையா? ஆனா நம்மள மாதிரி நாள் பூரா லாக் ஃபைலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இது பழகின வேலைதான்.

முதல்ல ஒரு விஷயம். எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா இந்தப் பார்ட் போச்சுன்னு அர்த்தம் கிடையாது. வண்டியில இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர், அதாவது ஈ.சி.யூ., "நான் எதிர்பார்த்த நம்பர் எனக்கு வரல"ன்னு மட்டும்தான் சொல்லுது. ஏன் வரலங்கிறதை அது சொல்லாது, அதுக்குத் தெரியவும் தெரியாது.

உதாரணமா இன்ஜின் டெம்பரேச்சர் சென்சாரை எடுத்துக்கலாம். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையுற ஒரு சின்னப் பொருள் அது. ஈ.சி.யூ. உள்ளிருந்து 5 வோல்ட் அனுப்பி, அதுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்து சூட்டைக் கணக்குப் போடும். இப்போ ஒயர் அறுந்துபோச்சுன்னு வைங்க. 5 வோல்ட் அப்படியே நிக்கும். ஈ.சி.யூ. கணக்குல அது மைனஸ் 40 டிகிரி. சென்னையில, மே மாசத்துல! உடனே லைட்டைப் போட்டு, பி0118னு ஒரு கோடை எழுதி வச்சுக்கும். அதே ஒயர் எங்கேயாவது உரசி பாடியில பட்டா வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும், கோடு பி0117 ஆயிடும். ரெண்டு கேஸ்லயும் கோடு ரீடர்ல "டெம்பரேச்சர் சென்சார்"னுதான் வரும். ரெண்டு கேஸ்லயும் சென்சார் நல்லாவே இருக்கலாம். கோடைப் படிச்சுட்டு நேரா சென்சார் வாங்கப் போறது, எர்ரர் மெசேஜ்ல வந்த ஃபைலை டெலிட் பண்ற மாதிரி.

இங்க ஒரு நிமிஷம் நின்னு, எந்த லைட்டுக்கு என்ன அவசரம்னு சொல்லிடறேன். ஆயில் லைட், அதாவது சிவப்பு எண்ணெய்க் கேன் படம், ஓடிட்டிருக்கும்போது எரிஞ்சா உடனே இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. "வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டக் கூடாது. லிக்விட் கூல்டு வண்டியில டெம்பரேச்சர் லைட்டும் அப்படித்தான். மஞ்சள் இன்ஜின் படம் விடாம எரிஞ்சாலும், வண்டி ஓட்டத்துல வித்தியாசம் இல்லைன்னா நிதானமா ஓட்டி வீடு சேரலாம். ஏ.பி.எஸ். லைட்டைத்தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. சாவி போட்டதும் அது எரியணும், வண்டி உருண்டு கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணையணும். சக்கரம் சுத்தினாதான் வீல் ஸ்பீடு சென்சார் வேலை செய்யுதான்னு அதால பார்க்க முடியும். அணையலைன்னா பிரேக் வழக்கம்போல பிடிக்கும், ஆனா ஏ.பி.எஸ். இல்லை. ஈர ரோட்டுல பழக்கதோஷத்துல இறுக்கிப் பிடிச்சா சக்கரம் லாக் ஆகும். இன்னொண்ணு, சாவி போடும்போது எரிய வேண்டிய லைட் எரியவே இல்லைன்னாலும் அது பிரச்சினைதான்.

பழைய வண்டிகளுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லையேன்னு உங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. உண்மைதான். ஆனா நம்ம ஊர் வண்டிகள் கொஞ்ச வருஷத்துல ரொம்ப மாறிடுச்சு. 2017 ஏப்ரல்ல இருந்து ஹெட்லைட் எப்பவும் எரியணும்னு விதி. 2019 ஏப்ரலுக்குள்ள 125 சி.சி.க்கு மேல இருக்கிற எல்லா வண்டிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்து கார்புரேட்டர் கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு, பெட்ரோல் பம்ப்பே கரண்ட்டுல ஓடுது. கார்புரேட்டர் காலத்துல பேட்டரி வீக்கா இருந்தா கிக்கரை நாலு தடவை மிதிச்சுட்டுப் போய்க்கிட்டே இருப்போம். இன்னைக்கு அதே வீக் பேட்டரி மூணு லைட்டைப் போட்டுக் காட்டும், நாலாவதா வண்டியும் நிக்கும்.

அதனால என்ன லைட் எரிஞ்சாலும் நான் முதல்ல பார்க்கிறது மூணு நம்பர். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், ரிச்சி ஸ்ட்ரீட்டுல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டி.சி. வோல்ட்ல 20ங்கிற இடத்துல வச்சுக்கோங்க. சிவப்பு பேட்டரி பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல.

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு முதல் நம்பர். 12.6க்கு மேல இருந்தா பேட்டரி ஃபுல். 12.2 வந்தா பாதி. 12க்குக் கீழன்னா கிட்டத்தட்ட காலி. ஆறு செல் சேர்ந்துதான் இந்த 12 வோல்ட், அதனால தசமத்துக்கு அப்புறம் வர்ற எண்தான் இங்க கதையே. "12 காட்டுது, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லாதீங்க.

செல்ஃப் அடிக்கும்போது ரெண்டாவது நம்பர். மீட்டரைப் பிடிச்சுக்கிட்டே ஒரு ஆளை அடிக்கச் சொல்லுங்க. வோல்டேஜ் இறங்கும், இறங்கத்தான் செய்யும். 10க்கு மேல நின்னா சந்தோஷம். 9.5க்குக் கீழ விழுந்தா, ஒண்ணு பேட்டரி சார்ஜ் இல்லாம இருக்கு, இல்ல அதுக்கு வயசாயிடுச்சு. மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு அடையாளம் சொல்றேன். செல்ஃப் அடிக்கும்போது கன்சோல் அணைஞ்சு மறுபடி "வெல்கம்" சொல்லி, கடிகாரம் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சா, வோல்டேஜ் அதலபாதாளத்துக்குப் போய்ட்டு வருதுன்னு அர்த்தம்.

மூணாவது, இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து. 13.5ல இருந்து 14.5 வரைக்கும், அதை ஒட்டி வரணும். 12 சொச்சத்துலயே நின்னு மெதுவா இறங்கினா சார்ஜ் ஏறல. 15ஐத் தாண்டினா ஆர்.ஆர். யூனிட், அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், கட்டுப்பாட்டை விட்டுருச்சு. அப்படியே ஓட்டினா பேட்டரி கொதிக்கும், பல்ப் வரிசையாப் போகும். சார்ஜ் ஏறலைன்னாலும் உடனே ஆர்.ஆர். யூனிட்டையோ மேக்னட் காயிலையோ வாங்கப் போகாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கப்ளரைக் கழட்டிப் பாருங்க. அதுல ஓடுற கரண்ட் அதிகம், பின் லேசா லூசானாலே பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாயிடும். கப்ளர் நல்லா இருந்தா மட்டும் காயில் பக்கம் போங்க. மூணு ஒயர் வர்ற காயில்ல, ரெண்டு ரெண்டா ஏ.சி. வோல்ட்ல அளந்தா மூணு ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் காட்டணும். வெறும் கையால தொடாதீங்க, ஆர்.பி.எம். ஏறினா அங்க வோல்டேஜ் நல்லாவே ஏறும்.

இந்த மூணு நம்பரும் சரியா இருக்கு, ஆனாலும் லைட் எரியுதுன்னா? இந்த எபிசோடை நான் பண்ணணும்னு நினைச்சதே அதுக்காகத்தான்.

என்னோட வேலை பாக்குற நண்பன் ஒருத்தன், வேளச்சேரிக்காரன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில அவன் வண்டி பார்க்கிங்ல தண்ணியில நின்னுச்சு. ஆயில் மாத்தி, சர்வீஸ் பண்ணி, நல்லாத்தான் ஓடுச்சு. சில மாசம் கழிச்சு, ஓ.எம்.ஆர்.ல சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஏ.பி.எஸ். லைட் வர ஆரம்பிச்சது. வந்தா சாவியை ஆஃப் பண்ணிப் போடுற வரைக்கும் அணையாது. அப்புறம் இன்ஜின் லைட்டும் சேர்ந்துக்கிச்சு. பேட்டரி பழசுன்னு சொன்னாங்க, மாத்தினான். ஒரு வாரம்கூட தாங்கல. ஒரு சர்வீஸ் சென்டர்ல ஒரு நாள் பூரா வச்சிருந்து, "எங்ககிட்ட லைட் வரல, ஏ.பி.எஸ். மாட்யூல் சந்தேகமா இருக்கு, மாத்திப் பாக்கலாம்"னு 20,000 ரூபாய்க்கு மேல ஒரு எஸ்டிமேட் கொடுத்தாங்க. "மாத்திப் பாக்கலாம்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. அது பரிசோதனை கிடையாது, நம்ம காசுல ஆடுற லாட்டரி.

அவனுக்குக் காசு மட்டும்தான் கவலை. எனக்கு வேற கவலை. காலையில முதல் சிக்னல்ல லைட் வந்துட்டா, ஆபீஸ் போற வரைக்கும் அவன் ஏ.பி.எஸ். இல்லாம ஓட்டுறான். தண்ணி லாரி, மணல் சிந்தின யூ டர்ன் எல்லாம் தாண்டி, மூணு வாரமா.

மூணு நம்பரும் எடுத்தோம். 12.7, 10.6, 14.1. கச்சிதம். நிறைய பி.எஸ்.6 வண்டிகள்ல சீட்டுக்குக் கீழ ஆறு பின் இருக்கிற ஒரு கப்ளர் இருக்கும். அதுக்கு அடாப்டர் போட்டு ப்ளூடூத் ரீடர்ல படிச்சோம். (இந்த ரீடர் எல்லா வண்டியிலயும் வேலை செய்யும்னு நம்பி வாங்காதீங்க. உங்க மாடலுக்கு ஓடுதான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க.) பி0562னு வந்துச்சு. சிஸ்டம் வோல்டேஜ் குறைவுன்னு அர்த்தம். பேட்டரியில 14.1 இருக்கு, ஈ.சி.யூ. மட்டும் குறைவுன்னு சொல்லுது. ரெண்டு பேருமே உண்மையைச் சொல்றாங்கன்னு வச்சுக்கிட்டா, நடுவுல யாரோ வோல்டேஜைத் தின்னுட்டிருக்காங்க.

யாருன்னு கண்டுபிடிக்கப் பலரும் பண்றது, மீட்டரைக் கன்டினியுட்டிக்கு மாத்தி, ஒயரோட ரெண்டு முனையிலயும் வச்சு "பீப்" வருதான்னு பார்க்கிறது. நாங்களும் பார்த்தோம், எல்லா எர்த் ஒயர்லயும் பீப் வந்துச்சு. ஆனா அந்த பீப்பை நம்பக் கூடாது. அந்தச் சோதனையில மீட்டர் அனுப்புறது மில்லிஆம்பியர் கணக்குல இத்துனூண்டு கரண்ட். இருபது இழையில ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாக்கூட பீப் வரும். ஒரு யூசரை வச்சு டெஸ்ட் பண்ணிட்டு, தீபாவளி ஆஃபர் அன்னைக்கு சர்வர் தாங்கும்னு சொல்ற மாதிரிதான்.

அப்போ எப்படிப் பார்க்கிறது? லோடு ஓடும்போது அளக்கணும். இதுக்கு வோல்டேஜ் ட்ராப் டெஸ்ட்னு பேர். மீட்டர் அதே டி.சி. 20ல. கறுப்பு முனை பேட்டரி மைனஸ் மேலயே. சிவப்பு முனையை ஃப்ரேம்ல, இன்ஜின் பாடியில, ஒயரிங் எர்த் எல்லாம் சேர்ற முனையிலன்னு ஒவ்வொரு இடமா வைங்க. வண்டி ஸ்டார்ட்ல இருக்கணும், ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரியணும். இந்த இடங்கள் எல்லாமே மைனஸோட சேர்ந்ததுதானே, அதனால மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டணும். 0.1, 0.2 வரைக்கும் விடலாம்.

ஃப்ரேம்ல 0.04. இன்ஜின்ல 0.03. டேங்குக்கு அடியில, ஒயரிங்கோட எர்த் முனை ஃப்ரேம்ல போல்ட் ஆகுற இடத்துல, 3.1 வோல்ட்.

அவன் பிரேக்கை விட்டான், இண்டிகேட்டரை ஆஃப் பண்ணான். 1.9க்கு இறங்கிச்சு. மறுபடி போட்டான், 3.1. இண்டிகேட்டர் மின்னுற தாளத்துக்கு நம்பர் ஏறி இறங்குது. "மச்சான், இது என்னடா ஈ.சி.ஜி. மாதிரி இருக்கு"ன்னான்.

அந்த நேரத்துல அங்க சுமார் 8 ஆம்பியர் ஓடியிருக்கும். 3.1ஐ 8ஆல வகுத்தா 0.4 ஓம்கூட வரல. சாதாரண மீட்டரோட ஒயருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கும், அதான் ஓம்ல வச்சு அளந்தா இது பிடிபடாது. ஆனா 3.1 இன்டூ 8, 25 வாட். ரிச்சி ஸ்ட்ரீட்டுல வாங்குற சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அந்த அளவு சூடு பெட்ரோல் டேங்குக்கு அடியில ஒரு போல்ட்டுல வந்துட்டிருந்தது. கழட்டினா முனை முழுக்கப் பச்சைக் களிம்பு, அதை ஒட்டின ஒயர் உறை கருத்துப்போய் விறைப்பா இருந்தது.

இப்போ எல்லாம் பொருந்துச்சு. சிக்னல்ல இன்ஜின் ஐடிலிங், பேட்டரிக்கு 13 வோல்ட்தான் வரும். பிரேக் பிடிச்சிருக்கான், இண்டிகேட்டர் போட்டிருக்கான். எர்த்துல 3 வோல்ட் போச்சுன்னா ஈ.சி.யூ.வுக்கும் ஏ.பி.எஸ். மாட்யூலுக்கும் மிச்சம் 10க்குப் பக்கத்துல. அது பயந்து லைட்டைப் போட்டுருச்சு. சர்வீஸ் சென்டர்ல ஏன் வரல? அங்க யாரும் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கிட்டு ஐடிலிங்ல நின்னிருக்க மாட்டாங்க.

வைத்தியம் என்னன்னா, பேட்டரி மைனஸை முதல்ல கழட்டிட்டு, கருத்த இடம் வரைக்கும் ஒயரை வெட்டிப் புது முனை வச்சோம். ஃப்ரேம்ல பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேல வாஸ்லின் தடவினோம். மறுபடி அளந்தா 0.05. கோடை அழிச்சோம். லைட் திரும்ப வரல. இதுக்கு ஆன செலவு டீயையும் சேர்த்து 150 ரூபாய்.

எர்த்துக்கு அடுத்தபடியா நான் சந்தேகப்படுற இடம் ஹேண்டில்பார் கழுத்து. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அங்க ஒயர் மடங்கி நிமிருது, வருஷக்கணக்கா. வண்டியை ஐடிலிங்ல விட்டு ஹேண்டிலை மெதுவா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்க. லைட் மின்னினாலோ இன்ஜின் இருமினாலோ இடம் தெரிஞ்சுபோச்சு. வாட்டர் வாஷ்ல கப்ளர் மேலேயே பீச்சி அடிக்கிறது இன்னொரு காரணம். அப்புறம் எலி. அடுக்குமாடி பார்க்கிங்ல ரெண்டு வாரம் நின்ன வண்டின்னா டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க. வண்டி சாய்ஞ்சு விழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகலைன்னா பயப்படாதீங்க, விழுந்ததை உணர்ற சென்சார் பம்ப்பை நிறுத்தி வச்சிருக்கும். நிமிர்த்தி சாவியை ஆஃப் பண்ணிப் போட்டா பெரும்பாலும் சரியாயிடும். கில் சுவிட்சையும் சைடு ஸ்டாண்டையும் பார்த்துட்டு மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணுங்க, இல்லைன்னா அண்ணன் வந்து சிரிப்பார்.

ஃப்யூஸ் பத்தி ஒண்ணே ஒண்ணு. 10 ஆம்பியர் ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகுதுன்னு 20 போடுறது, சிகரெட் பாக்கெட் ஜிகினாவைச் சுத்துறது, ரெண்டுமே வேண்டாம். ஃப்யூஸ் எரியலைன்னா ஒயர் எரியும். அதுக்குப் பதிலா, ஃப்யூஸ் இருந்த இடத்துல ரெண்டு ஒயர் இழுத்து ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்ப்பை மாட்டுங்க. ஷார்ட் இருக்கிற வரைக்கும் பல்ப் பிரகாசமா எரியும், ஆனா ரெண்டு ஆம்பியருக்கு மேல கரண்ட்டை விடாது. அந்த ஃப்யூஸ் லைன்ல இருக்கிற கப்ளர்களை ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வாங்க. எதைக் கழட்டினதும் பல்ப் மங்குதோ, ஷார்ட் அந்தக் கப்ளருக்கு அந்தப் பக்கம். நம்ம பாஷையில லீனியர் சர்ச். வாரண்டி மிச்சம் இருந்தா மட்டும் ஒயரை வெட்டுற, ஒட்டுற வேலை எதுவும் பண்ணாதீங்க. அளக்கிறதோட நிறுத்திக்கிட்டு, நம்பரை எழுதி எடுத்துட்டுப் போங்க. "எர்த் முனையில 3 வோல்ட் ட்ராப் ஆகுது"ன்னு சொன்னா கவுன்டர்ல பேச்சே வேற மாதிரி இருக்கும்.

கடைசியா கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு மெயில். "வெள்ளிக்கிழமை நிறுத்தினா திங்கட்கிழமை செல்ஃப் எடுக்கல, ஓட்டினா சார்ஜ் ஏறுது, பேட்டரியும் புதுசு." இது ஆஃப்ல இருக்கும்போது யாரோ கரண்ட்டை உறிஞ்சுற கேஸ். சாவியை எடுத்துட்டு, பேட்டரி மைனஸ் ஒயரைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாத்தி, மைனஸ் முனைக்கும் ஒயருக்கும் நடுவுல வைங்க. அப்படி வச்சிருக்கும்போது செல்ஃபைத் தொட்டுடாதீங்க, மீட்டர் போயிடும். கடிகாரத்துக்கும் ஈ.சி.யூ. நினைவுக்கும் சில மில்லிஆம்பியர் போறது சகஜம். 50 மில்லிஆம்பியர் காட்டினா, ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். உங்க வண்டியில 5 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா நாலே நாள்ல காலி, செல்ஃப் அதுக்கு முன்னாடியே எடுக்காது. எடுத்ததும் சந்தேகப்பட வேண்டியது ஜி.பி.எஸ். ட்ராக்கர், யூ.எஸ்.பி. சார்ஜர், கடையில மாட்டின ஃபாக் லைட். எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழட்டி, மீட்டர் எப்போ இறங்குதுன்னு பாருங்க. நேரா பேட்டரியில இருந்து இழுத்திருந்தா, சாவி போட்டாதான் கரண்ட் வர்ற மாதிரி ஒரு ரிலே வழியா மாத்தச் சொல்லுங்க. அளந்துட்டு என்ன நம்பர் வந்துச்சுன்னு எழுதுங்க, அடுத்த எபிசோடுல சொல்றேன்.